ஜாகுவார் ஈ-டைப், போர்ஷே 911: ஓர் அடைமொழி குறித்து

‘செவ்வியல் கார்’ என்னும் தொடரால் இவ்விரண்டையும் ஒருசேரச் சுட்டுவது வழக்கம். ஈ-டைப் 1961இல் ஜெனீவாவில் அறிமுகமானது. 911 ஈராண்டு கழித்து ஃபிராங்ஃபர்ட்டில், 901 என்ற பெயரோடு. நடுவில் சுழியம் வரும் மூவிலக்கப் பெயர்கள் பிரான்சில் தனக்கே உரியவை என்று பெஜோ நிறுவனம் மறுப்புத் தெரிவிக்கவே, 1964இல் அச்சுழியம் ஒன்றாயிற்று. பெயரியல் பயில்வோர்க்கு இதுவே தனி விருந்து.

ஈ-டைப்பின் உடலை வடித்த மால்கம் சேயர் விமானத் தொழிலிலிருந்து வந்தவர். வளைவுகளைக் கணிதத்தால் வரைந்தவர். முன்புறத்து நீண்ட ஆறு உருளை எஞ்சினைப் போர்த்திச் செல்லும் அந்த மூக்கில் கூட்டவும் குறைக்கவும் ஏதுமில்லை. அதன் இடரும் அதுவே. அமெரிக்கப் பாதுகாப்பு விதிகள் வந்தபோது முகப்பு விளக்குகளின் கண்ணாடி உறை நீங்கியது. 1971இல் பன்னிரண்டு உருளை எஞ்சின் புகுந்தபோது, மெலிந்திருந்த வாய் அகன்று கம்பிச் சட்டம் பூண்டது. ஒவ்வொரு மாற்றமும் இழப்பாகவே தோன்றியது. 1974இல் உற்பத்தி நின்றது.

911இன் கதை குறையிலிருந்து தொடங்குகிறது. காற்றால் குளிரும் இரண்டு லிட்டர் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கியது. வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வால் வெளியே வீசும். முன் பம்பருக்குள் இரும்புக் கட்டிகளை வைத்துப் பார்த்தனர். 1968இல் சக்கர இடைவெளியை 57 மில்லிமீட்டர் நீட்டினர். திருத்தம் அதன் இயல்பாகவே ஆகிவிட்டது. அதனால்தான் அமெரிக்க விதிக்கேற்ப 1973இல் பொருத்திய தடித்த பம்பர், கூடவே பிறந்ததுபோல் அமைந்து 1989 வரை நீடித்தது.

போர்ஷேவே இதைக் கைவிட எண்ணியதுண்டு. முன்புற எஞ்சினுடன் 1977இல் வந்த 928 இதன் இடத்தைப் பெறவிருந்தது. 1981இல் தலைமையேற்ற பீட்டர் ஷுட்ஸ் அம்முடிவை மாற்றினார். 928 1995இல் மறைந்தது.

அழகில் ஈ-டைப்பே மேல், அதில் ஐயமில்லை. ஆயினும் ‘செவ்வியல்’ என்பது முற்றுப்பெற்றதன் பெயரா, வழக்கொழியாததன் பெயரா? மொழிகளுக்கு இவ்வடைமொழியை வழங்கும்போதும் இக்கேள்வி எழுவதுண்டு. நியூயார்க் நவீனக் கலைக் காட்சியகம் 1996இல் ஓர் ஈ-டைப்பைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. மறு ஆண்டு 911 நீர்க்குளிர்ச்சிக்கு மாறியது. இது இனி 911தானா என்று அன்பர்கள் சண்டையிட்டனர். எஞ்சின் மட்டும் பின் அச்சுக்குப் பின்னாலேயே இருந்தது.