ஏப்ரல் 21க்கு முன்

பிப்ரவரி 8, சனி

வான்கோழி வேட்டைக்கு இடம் முடிவாகிவிட்டது. மிசௌரியின் தெற்குக் கோடி, ஓசார்க் மலைக்காடு. நான் இருக்கும் இல்லினாயிலும் வான்கோழி உண்டு. ஆனால் இங்கே வசந்தகாலப் பெர்மிட் கவுண்டி வாரியாகக் குலுக்கலில் விழவேண்டும். மிசௌரியில் வெளிமாநிலத்தவர் பணம் கட்டினால் நேரே வாங்கிக்கொள்ளலாம். உள்ளூர்க்காரர் கட்டுவதைவிடப் பல மடங்கு அதிகம்தான். அந்தக் காட்டை வளர்த்தது அவர்கள், ஆகவே நியாயம்தான் என்று நினைக்கிறேன்.

கூட வருபவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். எழுபது தாண்டியவர், அந்தப் பக்கத்தில் பிறந்தவர். எனக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவரே.

விதிகளை இன்று உட்கார்ந்து முழுதாகப் படித்தேன். 2025 வசந்தப் பருவம் ஏப்ரல் 21 முதல் மே 11 வரை. சேவல், அல்லது மார்பில் தாடி வெளியே தெரியும் பறவை மட்டுமே. ஒருவருக்கு இரண்டு, முதல் வாரத்தில் ஒன்றுதான். பொதுநிலத்தில் சூரியோதயத்துக்கு அரை மணி முன்பு தொடங்கி, பகல் 1 மணிக்குத் துப்பாக்கியை மடக்கிவிட வேண்டும். 1967லும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்கு வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் கட்டாயம். இல்லினாயில் நான் எடுத்தது அங்கும் செல்லும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பெரியவர் வீட்டில் மாலை முழுவதும் பழைய கதை. அவருடைய சிறுவயதில் அவர்கள் கவுண்டியில் வான்கோழிச் சத்தம் கேட்டதே இல்லையாம். எங்கோ ஒரு மேட்டில் சேவல் கத்துகிறது என்று கேள்விப்பட்டு, அவருடைய அப்பா அதைக் கேட்பதற்காகவே விடியுமுன் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்.

அது மிகையல்ல. காட்டை மொட்டையடித்து, வருடம் முழுக்கச் சுட்டுத் தீர்த்ததில் பறவை அருகிப்போய், மிசௌரி 1930களின் பிற்பாதியில் வான்கோழி வேட்டையையே மூடியது. பண்ணையில் வளர்த்த பறவைகளை ஆயிரக்கணக்கில் காட்டில் விட்டுப் பார்த்தார்கள். பிழைக்கவில்லை. அங்கே கேனி மவுண்டன் சரணாலயத்தில் ஆராய்ந்த ஸ்டார்க்கர் லியோபோல்ட், காட்டில் தப்பிப் பிழைக்கும் குணம் பிறப்பிலேயே வருவது, பண்ணை ரத்தம் கலந்தால் அது கெட்டுவிடும் என்று 1944ல் எழுதினார். 1954ல் வேறு வழியில் இறங்கினார்கள்: மிஞ்சியிருந்த காட்டுப் பறவைகளையே வலைவீசிப் பிடித்து, காலியாகக் கிடந்த காடுகளில் கொண்டுபோய் விடுவது. அது பலித்தது. 1960ல் மீண்டும் வேட்டை திறந்தபோது 14 கவுண்டிகள், மூன்றே நாட்கள். விழுந்தவை 94 பறவைகள். 2004 வசந்தத்தில் மாநிலம் முழுவதும் 60,000க்கு மேல். அதன்பின் எண்ணிக்கை இறங்கியிருக்கிறது. குஞ்சுகள் முன்போல் பிழைப்பதில்லை.

இதற்கெல்லாம் பணம் வந்த வழியும் முக்கியம். 1937ல் வந்த பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி, வேட்டைத் துப்பாக்கி, தோட்டா ஒவ்வொன்றின் மீதும் விதிக்கப்படும் வரி மாநிலங்களின் வனவிலங்குத் துறைகளுக்குப் போகிறது. இப்போது அது 11 சதவீதம்.

கிளம்பும்போது பெரியவரிடம் சொன்னேன்: பெர்மிட் இரண்டுக்கு இடம் கொடுத்தாலும் நமக்கு ஆளுக்கு ஒன்று போதும். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

மார்ச் 8, சனி

வரைபடம். இதில்தான் பயணம் பாதி நடந்துவிடுகிறது என்பது என் எண்ணம். மார்க் ட்வைன் தேசியக் காடு சுமார் 15 லட்சம் ஏக்கர், ஆனால் ஒரே துண்டாக இல்லை. நடுநடுவே தனியார் நிலம். எல்லையைத் தாண்டிய ஓர் அடியும் அத்துமீறல். அதனால் எல்லைக் கோடுகளோடு வரைபடத்தைப் போனில் இறக்கிவைத்தேன். அங்கே சிக்னல் கிடையாது. காகித வரைபடமும் ஒன்று.

பார்வை ஐரிஷ் வைல்டர்னஸ் பக்கம் போயிற்று. 1850களில் ஹோகன் என்ற பாதிரியார் ஐரிஷ் ஏழைக் குடும்பங்களைக் கூட்டிவந்து குடியேற்றிய இடம். உள்நாட்டுப் போரில் இரு தரப்புக் கொள்ளையருக்கும் நடுவே மாட்டி அந்தக் குடியேற்றம் இல்லாமலே போனது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. 1984லிருந்து பாதுகாக்கப்பட்ட வனம், உள்ளே மோட்டார் வண்டி போகாது. மேற்கு ஓரத்தில் இலெவன் பாயின்ட் ஆறு.

பெரியவரின் முழங்கால் அவ்வளவு நடை தாங்காது. ஆகவே வனத்துக்கு வெளியே, காட்டுச் சாலையோரமாகக் கூடாரம். தேசியக் காட்டில் இப்படித் தங்கக் கட்டணம் இல்லை, 14 நாள்வரை இருக்கலாம். வனத்துறை அலுவலகத்தைக் கூப்பிட்டு எந்தச் சாலை திறந்திருக்கிறது, எங்கே காட்டுக்குத் தீ வைக்கப்போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டேன். வசந்தத்தில் அவர்களே திட்டமிட்டு வைக்கும் தீ உண்டு. போனில் பேசிய பெண் பொறுமையாக எல்லாம் சொன்னார்.

மார்ச் 23, ஞாயிறு

ஸ்லேட் கல்லில் குச்சியைத் தேய்த்துப் பெட்டைக் குரல் பழகுகிறேன். வசந்த வேட்டையின் அடிப்படையே இதுதான்: காட்டில் பெட்டைதான் சேவலைத் தேடிப் போகும். நாம் பெட்டை மாதிரிக் கூப்பிட்டு, சேவலை நடந்துவரச் செய்யவேண்டும். அதன் வழக்கத்துக்கே மாறான காரியம். பெட்டைகள் முட்டையிட்டு அடைகாக்க உட்கார்ந்தபின் சேவல் தனியாகிவிடும். பருவத்தை ஏப்ரல் பிற்பாதியில் வைப்பதன் பொருத்தம் அங்கே. அடைகாப்பு 28 நாள். அதற்குள் பெட்டையைக் கலைக்கக்கூடாது என்பதால்தான் காட்டில் சுற்றித் திரியாமல் ஓரிடத்தில் உட்காரும் வேட்டை எனக்குப் பிடித்திருக்கிறது.

முதல் நாள் பொழுது சாயும்போது ஆந்தை போல் கூவிப் பார்ப்பது வழக்கம். மரத்தில் அடையப்போன சேவல் அந்தச் சத்தத்துக்குத் தன்னையறியாமல் கத்திவிடும். இடம் தெரிந்துவிட்டால், மறுநாள் இருட்டிலேயே போய் நம் தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காரலாம். மரம் பின்னாலிருந்து வரும் குண்டுக்கும் மறைப்பு. சிவப்பு, வெள்ளை, நீலம் எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது. அவை சேவலின் தலை நிறங்கள். கத்தும் சேவலை நோக்கிப் பதுங்கிப் போகக்கூடாது. அது இன்னொருவர் எழுப்பும் குரலாக இருக்கலாம். வேறு வேட்டைக்காரர் தென்பட்டால் கையை ஆட்டாமல் வாய்விட்டுப் பேசவேண்டும். பெரியவர் இவற்றை என்னைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்.

ஏப்ரல் 5, சனி

வீட்டில் கவலை உண்ணியைப் பற்றி. “ஏங்க, அது கடிச்சா அப்புறம் மட்டனே சாப்பிட முடியாதாமே?” உண்மைதான். லோன் ஸ்டார் என்ற உண்ணி கடித்து, சிலருக்கு ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, பன்றிக்கறி எல்லாமே ஒவ்வாமல் போகிறது. உயிருக்கே ஆபத்தாகவும் முடியும். ஓசார்க்கில் அந்த உண்ணி ஏராளம். உடைகளுக்கெல்லாம் பெர்மெத்ரின் தெளித்துக் கராஜில் காயவைத்தேன். ஈரமாக இருக்கும்வரை பூனையை அந்தப் பக்கம் விடவில்லை. பூனைக்கு அது விஷம். ஒவ்வொரு இரவும் உடம்பு முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் படுக்கை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த பயம் மழை. ஏப்ரல் அங்கே இடியும் சூறாவளியும் வரும் மாதம். காட்டுச் சாலைகள் ஓடைகளைப் பாலமில்லாமல் கடக்கின்றன. ஒரு மழையில் வழி அடைபடும். அதனால் ஆற்றங்கரையை விட்டு மேட்டில் கூடாரம், பேட்டரியில் ஓடும் வானிலை ரேடியோ, கூடுதலாக இரண்டு நாள் சாப்பாடு. கரடியும் உண்டு, சாப்பாடு இரவில் வண்டிக்குள்.

ஏப்ரல் 17, வியாழன்

நாளை விடியலில் கிளம்பினால் செயின்ட் லூயிஸ், ரோலா வழியாக இருட்டுமுன் போய்ச் சேரலாம். துப்பாக்கிகள் தோட்டா இல்லாமல் பூட்டிய பெட்டியில், வண்டியின் பின்பக்கம்.

ஐஸ்பெட்டியோடு பிரஷர் குக்கரையும் ஏற்றினேன். நெஞ்சுக்கறியை மட்டும் அறுத்துக்கொண்டு காலை வீசிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நாள் முழுக்க நடக்கும் பறவையின் கால் இறுகியிருக்கும் என்பது காரணம். குக்கரில் அரைமணிக்குமேல் வைத்து, பிறகு மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வறுத்தால் அந்தக் காலுக்கு ஈடில்லை. சுட்டதை முழுதாகச் சாப்பிடாதவருக்குச் சுட உரிமை இல்லை.

கடைசியாக ஒன்றை முடிவுசெய்தோம். பறவை விழுந்தவுடன் பெர்மிட்டில் குறிக்கவேண்டும், அன்றிரவு 10 மணிக்குள் மாநிலத்தின் டெலிசெக் முறையில் போனில் பதிவு செய்யவேண்டும். முகாமில் சிக்னல் இல்லாததால், யாருக்கு விழுந்தாலும் மதியமே ஆல்டன் ஊர்வரை ஓட்டிப் போய்ப் பதிவுசெய்துவிட்டுத் திரும்புவது. 1960ல் 94 என்று இன்றைக்கும் சொல்ல முடிவது, அன்று பறவைகளைக் கொண்டுபோய்க் கணக்குக் கொடுத்தார்கள் என்பதால். அடுத்த பருவம் எத்தனை நாள், எத்தனை பறவை என்பதையும் இந்தக் கணக்கை வைத்தே தீர்மானிக்கிறார்கள். வேறு மாநிலத்துக்கு வேட்டைக்குப் போகிறவர்கள் வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்: எடுத்ததை அன்றே சொல்லிவிடுங்கள்.