துணிக் குதிரையின் இறக்கை

விளையாட்டு என்னும் சொல்லை நம் வீடுகளில் பெரும்பாலும் குறைத்துப் பேசுவதற்கே வைத்திருக்கிறோம். பொறுப்பில்லாதவனை 'விளையாட்டுப் பிள்ளை' என்கிறோம். பொருட்படுத்தத் தகாததை 'விளையாட்டுக்குச் சொன்னது' என்று தள்ளுகிறோம். பந்தாடும் பிள்ளைக்காவது, உடலுக்கு நல்லது என்று கொஞ்சம் சலுகை உண்டு. திண்ணை மூலையில் இரண்டு சிரட்டைகளை வைத்துக்கொண்டு தனக்குத் தானே பேசிக் கொண்டிருக்கும் பிள்ளைக்கு அந்தச் சலுகையும் இல்லை. 'பைத்தியமா உனக்கு?' என்று கேட்கிறோம். சற்றுப் பேணுதல் மிகுந்த வீடாயின், 'பொய் பேசாதே, அல்லாஹ் பார்த்துக் கொண்டிருக்கிறான்' என்று அச்சுறுத்துகிறோம். இந்த இரண்டாவது சொல்லைப் பற்றியே இங்குச் சிறிது எழுத விரும்புகிறோம்.

நாம் முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வருகிறோம். காலையில் மக்தபில், அஸருக்குப் பின் சில வீடுகளில். அவ்வாறு செல்லும் வீடொன்றில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். ஒருநாள் அவளுடைய அண்ணனுக்குப் பாடம் நடந்து கொண்டிருந்தபோது, விளையாட்டுச் செப்பிலிருந்து ஒரு சிறு கோப்பையை இரு கைகளாலும் ஏந்தி வந்து, "ஆலிம்சா, தேயிலை" என்று நீட்டினாள். கோப்பையில் ஒன்றும் இல்லை. அடுப்படியிலிருந்து தாயார் பதறிக் குரல் கொடுத்தார்: "ஆலிம்சாகிட்டயே பொய்யா? உள்ளே வா!" சிறுமியின் முகம் சுருங்கிவிட்டது. நாம் கோப்பையை வாங்கி, ஊதி ஆற்றி, இரண்டு மிடறு குடித்து, "சீனி கொஞ்சம் கூடிவிட்டது" என்றோம். அவள் கோப்பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "நாளைக்குக் குறைச்சுப் போடுறேன்" என்று சொல்லிப் போனாள். கதவுக்குப் பின்னால் நின்ற தாயார், "ஆலிம்சா, நீங்களே இப்படிச் சொல்லலாமா? பிள்ளைக்குப் பொய் பழகிவிடாதா?" என்று கேட்டார். அது குறும்பான கேள்வி அன்று; இறையச்சத்தில் எழுந்த கேள்வி. ஆதலால் விடையும் அதற்கேற்ற தகுதியோடு இருக்க வேண்டும்.

பொய் என்பது யாது? உண்மைக்கு மாறானதை, கேட்பவர் உண்மையென்று நம்பும்படி சொல்வது. அச்சிறுமி யாரை நம்பவைத்தாள்? கோப்பை வெறுமை என்பது அவளுக்குத் தெரியும், நமக்கும் தெரியும், நமக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஏமாற்றுபவரும் இல்லை, ஏமாந்தவரும் இல்லை. இரண்டு பேர் சேர்ந்து ஓர் உடன்படிக்கை செய்துகொண்டோம், அவ்வளவே. அதே சிறுமி கண்ணாடிக் குவளையை உடைத்துவிட்டு, 'பூனை தள்ளிவிட்டது' என்பாளாயின் அது வேறு. அங்கே நம்மை நம்பவைக்கும் நோக்கம் வந்துவிட்டது. அதை அன்போடு திருத்தத்தான் வேண்டும். இரண்டையும் ஒரே சொல்லால் ஏசினால், எது பொய் என்பதையே பிள்ளை அறியாமற் போய்விடும்.

இதற்கு நம் நூல்களிலேயே தெளிவு இருக்கிறது. இமாம் அபூதாவூத் அவர்களின் 'ஸுனன்' நூலில், ஒழுக்கங்களைக் கூறும் 'அதப்' என்னும் ஒரே பகுதியில் இரண்டு செய்திகள் உள்ளன. முதலாவது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளைப் பற்றியது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு பயணத்திலிருந்து திரும்பியிருந்த வேளையில், காற்றடித்துத் திரை விலகியது. உள்ளே விளையாட்டுப் பொம்மைகள் தெரிந்தன. அவற்றின் நடுவே, துணியால் செய்த இரண்டு இறக்கைகளோடு ஒரு குதிரை. குதிரைக்கும் இறக்கை உண்டா என்று பெருமானார் கேட்டார்கள். ஸுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கைகள் இருந்ததைத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையார் திருப்பிக் கேட்டார்கள். பெருமானார் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். அந்தக் குதிரையைப் பொய்யென்று கடியவில்லை. இறக்கையைப் பிய்த்தெறியச் சொல்லவும் இல்லை.

இரண்டாவது செய்தி, அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) தம் இளமையை நினைவுகூர்ந்து சொன்னது. பெருமானார் தம் வீட்டில் அமர்ந்திருக்கையில், தாயார் தம்மை, 'இங்கே வா, உனக்கு ஒன்று தருகிறேன்' என்று அழைத்தாராம். என்ன தர எண்ணினாய் என்று பெருமானார் வினவ, பேரீச்சம்பழம் என்றார் அத்தாயார். ஒன்றும் தராமல் இருந்திருந்தால் அது உன்மேல் ஒரு பொய்யாகப் பதியப்பட்டிருக்கும் என்று பெருமானார் எச்சரித்தார்கள்.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பிள்ளையின் கற்பனைக்குக் கிடைத்தது சிரிப்பு. பிள்ளையிடம் பெரியவர் சொல்லும் வெற்று வாக்குறுதிக்கே எச்சரிக்கை. நம் வீடுகளிலோ முறை தலைகீழாக இருக்கிறது. 'அழாதே, கடைக்குப் போய் வாங்கித் தருகிறேன்' என்று நாள்தோறும் சொல்லி மறக்கும் நாம்தாம், இல்லாத தேயிலையை ஊற்றிய பிள்ளையைப் பொய்யர் பட்டியலில் சேர்க்கிறோம்.

பொம்மைகளைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே விரிவான ஆய்வு உண்டு. ஆயினும் அவர்களுட் பெரும்பாலோர், அன்னையாரின் இச்செய்தியையும், தோழிப் பெண்களோடு அவர்கள் பொம்மை விளையாடியதைக் கூறும் புகாரி, முஸ்லிம் நூல்களின் செய்தியையும் கொண்டு, சிறுவர் விளையாட்டுக்கு விலக்களித்தனர். அரபி இலக்கியம் ஓதியவர்கள் ஹரீரியின் 'மகாமாத்'தை அறிவார்கள். 1122இல் மறைந்த அப்பேரறிஞர், தாம் படைத்த கற்பனைக் கதைகளுக்கு நூலின் முன்னுரையிலேயே நியாயம் சொல்லுகிறார்: விலங்குகளும் உயிரற்றவையும் பேசுவதாகக் கதை சொன்னவர்களை எவரும் பாவிகள் என்றதில்லையே என்பது அவருடைய வாதம். கதையில் பேசும் நரி பொய்யன்று எனில், சிரட்டையில் வேகும் பிரியாணி மட்டும் எப்படிப் பொய்யாகும்?

தமிழ் மரபும் இதற்கு இடம் கொடுத்தே வந்திருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் குதிரை பூட்டாமலே உருட்டிச் சென்ற மூன்று சக்கரச் சிறுதேரைப் பட்டினப்பாலை காட்டுகிறது. பிள்ளைத்தமிழில் சிற்றிற் பருவம் என ஒன்று உண்டு. தாங்கள் கட்டிய மணல்வீட்டைக் காலால் சிதைத்துவிடாதே என்று சிறுமியர் வேண்டிக்கொள்ளும் பருவம் அது. நம் முஸ்லிம் புலவர்களும் பெருமானார் மீது பிள்ளைத்தமிழ் பாடியபோது அம்மரபைப் போற்றினர். இன்று சிற்றில் சிதைக்க வருவது பாட்டுடைத் தலைவர் அல்லர்; துடைப்பத்தோடு வரும் நாம்தாம்.

இனி, இதனால் பிள்ளைக்கு ஆவது என்ன? ரஷ்ய நாட்டு உளவியலறிஞர் வைகாட்ஸ்கி 1933இல் விளையாட்டைப் பற்றி ஆற்றிய சொற்பொழிவு கல்வித்துறையில் புகழ்பெற்றது. ஒரு குச்சியைக் குதிரையாக்கி ஓட்டும் பிள்ளை, பொருளையும் அதன் கருத்தையும் முதன்முறையாகப் பிரித்தறியப் பழகுகிறது என்பது அவர் கண்ட உண்மை. எழுத்துக் கற்பிக்கும் நமக்கு இது நன்கு விளங்குகிறது. ஒரு வளைவும் அதன்கீழ் ஒரு புள்ளியும் 'பா' என்னும் ஒலியைக் குறிக்கும் என்று ஏற்பதற்கு, ஒன்று மற்றொன்றாக நிற்கக்கூடும் என்று மனம் முன்னரே அறிந்திருக்க வேண்டும். தீப்பெட்டியை ரயிலாக்கியவனுக்கு அது புதிதன்று. மேலும் ஒன்றை வைகாட்ஸ்கி சுட்டினார். பாவனை விளையாட்டில் கட்டுப்பாடு இல்லை என நாம் எண்ணுகிறோம். உண்மையில் அங்கே கட்டுப்பாடு மிகுதி. 'உம்மா'வாக விளையாடும் சிறுமி உம்மாவைப் போலவே நடந்தாக வேண்டும். ஓரிடத்தில் ஐந்து நிமிடம் நில்லாத பையன், கூட்டு விளையாட்டில் காவற்காரனாக நியமிக்கப்பட்டால் அசையாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இவையெல்லாம் அறிவுக்கு. உள்ளத்துக்கு ஆவதைச் சொல்ல, நம் நண்பர் ஒருவர் தம் பேரனைப் பற்றிக் கூறியதைத் தருகிறோம். பையனுக்கு ஆறு வயது. வாப்பா வளைகுடாவில். ஒப்பந்தப்படி இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் விடுப்பு. பையன் நாள்தோறும் ஓர் அட்டைப்பெட்டியைக் கயிற்றால் கட்டி, வாசற்படியில் நின்று எல்லோருக்கும் சலாம் சொல்லி, தெருமுனைவரை போய்த் திரும்புவான். 'சபர்' விளையாட்டாம். உம்மம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. "விளக்கு வைக்கிற நேரத்தில் போறேன் போறேன் என்கிறானே, நல்லதுக்கா?" என்று பெட்டியை ஒளித்து வைத்தார். பையன் வேறு பெட்டி தேடிக்கொண்டான். ஒருநாள் அவன் திரும்பி வந்து சலாம் சொன்னபோது, அவனுடைய உம்மா என்ன நினைத்தாரோ, பதில் சலாம் சொல்லி, "வாங்க, பயணமெல்லாம் சுகமா?" என்று கேட்டுவிட்டார். பையன் ஒரு கணம் திகைத்தான். பிறகு பெட்டியைப் பிரித்துக் கூழாங்கற்களை எடுத்து, இது உனக்கு, இது உம்மம்மாவுக்கு என்று பங்கிட்டான். பெட்டி காலியானதும் அதை மூலையில் கவிழ்த்துவிட்டு, "நான் இனிமேல் போகமாட்டேன்" என்றான்.

அந்த ஒரு வார்த்தையைத் தன் வாப்பாவின் வாயால் கேட்கத்தான் அவன் அத்தனை நாளும் பெட்டி கட்டியிருக்கிறான். கேட்க வழியில்லாததால் தானே வாப்பாவாகிச் சொல்லிக்கொண்டான். 'உனக்கு என்ன வருத்தம்?' என்று நேரே கேட்டிருந்தால், 'ஒன்றுமில்லை' என்றுதான் சொல்லியிருப்பான். ஆறு வயதில் துக்கத்துக்குச் சொல் கிடைப்பதில்லை, அட்டைப்பெட்டி கிடைக்கிறது. அன்றிரவே தொலைபேசியில் செய்தி தந்தைக்குப் போயிற்று. அவரால் உடனே ஊர்திரும்ப இயலவில்லை. குடும்பத்தின் கடன் அப்படி. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் மகனோடு தனியே பேச ஒரு நேரம் ஒதுக்கினார். பேச்சு இன்றும் ஒரே கேள்வியில்தான் தொடங்குகிறதாம்: "இந்த வாரம் பெட்டியில் என்ன கொண்டுவந்தாய்?"

ஆகவே, பெற்றோர் செய்யத் தக்கது பெரிதொன்றும் இல்லை. விலையுயர்ந்த பொம்மைகள் வேண்டியதில்லை. ஆஷூரா நாளில் நோன்பிருந்த தம் சிறுவர்களுக்காக மதீனத்துப் பெண்கள் கம்பளியால் விளையாட்டுப் பொருள் செய்து கொடுத்ததை ருபய்யிஉ (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பசித்து அழும் பிள்ளைக்கு அதைக் கொடுத்து மஃரிபுவரை தேற்றினார்களாம். நம் வீட்டிலும் பழைய தாவணி, காலி டப்பா, ஓலை, சிரட்டை ஆகியவை போதும். ஒரு மூலையை அவர்களுக்கென்று விட்டுவையுங்கள். அங்கே கட்டிய வீட்டை ஒருநாளாவது கலைக்காதீர்கள். உங்களை விருந்தாளியாக அழைத்தால் போய் அமருங்கள். ஆனால் விளையாட்டின் தலைமையைப் பறிக்காதீர்கள். தீ, கத்தி, கிணற்றடி இவற்றில் மட்டும் கண் இருக்கட்டும். கேலி செய்யாதீர்கள், அவர்கள் பேசியதை உறவினர் நடுவே சொல்லிச் சிரிக்காதீர்கள்.

நேரம் ஒன்றே இன்று அரிதாகிவிட்டது. பள்ளிக்கூடம், தனிப்பாடம், மதரஸா ஆகியவை போக எஞ்சும் சிறுபொழுதையும் கைபேசி விழுங்கிவிடுகிறது. இரண்டு முதல் நான்கு வயதுவரையுள்ள பிள்ளைகள் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரைமுன் அமர்ந்திருக்கலாகாது என்றும், அதற்கும் இளையோருக்குத் திரையே தகாது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. திரையில் குதிரை பறப்பதைப் பிள்ளை பார்க்கிறது. அதற்கு இறக்கை தைக்கும் வேலையை வேறு யாரோ செய்து முடித்துவிட்டார்கள்.

ஓதுதலில் நாட்டமுள்ள பெற்றோர், விளையாட்டு கல்விக்குப் பகை என்று அஞ்ச வேண்டியதில்லை. இமாம் கஸ்ஸாலி அவர்கள் 'இஹ்யா'வில் பிள்ளை வளர்ப்பைக் கூறுமிடத்தில், பாடம் முடிந்து வந்த பிள்ளையை நல்ல விளையாட்டில் விட்டு இளைப்பாறச் செய்ய வேண்டும் என்கிறார்கள். விளையாட்டைத் தடுத்து எந்நேரமும் படிப்பையே சுமத்தினால் இதயம் செத்து, அறிவு மழுங்கி, பிள்ளை கல்வியிலிருந்து தப்பிக்கவே சூழ்ச்சி தேடும் என்பது அவர்களின் எச்சரிக்கை. ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒருவர் சொன்னதை, வெள்ளைச் சுவரை வெறித்துக்கொண்டு பாடம் ஒப்பிக்கும் பிள்ளைகளின் முகத்தில் நாம் இன்றும் படிக்கிறோம்.

பிள்ளைகளுக்கு வாய்மையைப் பழக்க விரும்புவோர் தம் சொல்லிலிருந்தே தொடங்கட்டும். 'வா, ஒன்று தருகிறேன்' என்று அழைத்தால், கையில் ஒரு பேரீச்சம்பழமாவது இருக்கட்டும். துணிக் குதிரைக்கு இறக்கை முளைப்பதைப் பற்றி அவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை.