தொட்டில் வீட்டில்... பிள்ளை வார்டில்!

அந்தப் பெண் குழந்தை பிறந்தபோது எடை 980 கிராம். 37 வாரம் நிறைவதற்குள் பிறந்தாலே குறைமாதம்தான். இவளோ 28-வது வாரத்திலேயே வந்துவிட்டாள். திருநெல்வேலி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓடிவந்த அந்தக் குடும்பத்துக்கு, அடுத்த 68 நாள்களும் ஆஸ்பத்திரிதான் வீடு.

ஐந்தாம் நாள் அம்மாவுக்கு மட்டும் டிஸ்சார்ஜ். பிள்ளை பெற்றவள் வெறுங்கையோடு வார்டைவிட்டு வெளியே வந்ததுதான் எல்லாவற்றிலும் பெரிய வலி.

"மாடிப்படி ஏறாதேன்னு சொன்னேன்லா, கேட்டியா?" என்று ஓர் உறவினர் ஆரம்பிக்க, மாமியார் குறுக்கிட்டார். "அவ பிள்ளைக்குப் பால் எடுக்கணும். அழ வைக்கிற பேச்சு இங்க வேண்டாம்." அன்றிலிருந்து விசாரிக்கும் போன்கள் எல்லாம் சித்தப்பாவுக்குத்தான். ராத்திரி 8 மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு தகவல் போடுவார்.

சப்பி, விழுங்கி, இடையில் மூச்சும் விடும் திறன் குழந்தைக்குச் சுமார் 34 வாரத்தில்தான் கைகூடும். அதுவரை டியூப் வழியே பால். அதற்காக அம்மா இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியிலும் பாலைப் பீய்ச்சி எடுக்க வேண்டும். முதலில் சில சொட்டுகள்தான் வந்தன. அலாரம் வைத்து எழுப்புவது கணவர் வேலை. பாத்திரத்தைக் கொதிக்க வைப்பது மாமியார் வேலை. பூண்டுக் குழம்பும் சோறும் அம்மா வீட்டிலிருந்து பஸ் ஏறி வந்தன.

முதல் வாரத்தில் எடை 900 கிராமுக்கு இறங்கியது. வீடே பயந்தது. பிறந்த சில நாள்களில் எடை கொஞ்சம் குறைவது இயல்பு என்று டாக்டர் விளக்கிய பிறகுதான், "இன்னிக்கு எத்தனை கிராம்?" என்ற கேள்வி நின்றது.

அப்பாவும் கங்காருதான்!

குழந்தையை நெஞ்சோடு, தோலோடு தோல் படும்படி கட்டிக்கொள்வது கங்காரு பராமரிப்பு. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் பற்றாக்குறையைச் சமாளிக்க டாக்டர் எட்கர் ரே தொடங்கிய முறை இது. தினமும் 8 மணி நேரத்துக்குக் குறையாமல் இதைச் செய்யச் சொல்லி, 2022-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அம்மா ஒருவரால் அவ்வளவு நேரம் முடியுமா? அப்பாவும் பாட்டியும்கூடச் செய்யலாம். சட்டையைக் கழற்றக் கூச்சப்பட்ட அப்பா, முதல் நாள் மூச்சைக்கூட மெதுவாக விட்டபடி உட்கார்ந்திருந்தார். நான்காம் வாரத்தில், "இது என் முறை" என்று தன் அம்மாவிடமே சண்டை போட்டார்.

ஒரு மாதம் நிறையும் முன் கண் பரிசோதனையும் முடிந்தது. குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையில் பாதிப்பு வரலாம். அதை நேரத்தோடு கண்டுபிடித்தால் பார்வையைக் காப்பாற்றலாம்.

பரிசோதனை குழந்தைக்கு மட்டும் போதுமா? தூக்கமும் பேச்சும் குறைந்துபோன மனைவியைக் கவனித்த கணவர், அதையும் டாக்டரிடம் சொன்னார். பிரசவத்துக்குப் பிறகான மனச்சோர்வுக்கும் சிகிச்சை உண்டு. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

68-வது நாள், 1,950 கிராம் எடையோடு குழந்தை வீட்டுக்கு வந்தாள். கை கழுவாமல் யாரும் தூக்கக் கூடாது என்பது பாட்டியின் உத்தரவு. ஆறாவது மாதத்தில், "இன்னும் குப்புற விழலையா?" என்று ஒருவர் கேட்டபோதும் பதில் சொன்னது பாட்டிதான்.

"12 வாரம் முந்திப் பிறந்தவ. டாக்டர் கணக்குப்படி எங்க பிள்ளைக்கு இப்ப மூணு மாசம்தான்."