பின்னணி அல்ல

போன மாதக் கூட்டத்தில் ஷிர்லி ஹார்ன் பற்றிப் பேசுவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். பத்து நிமிஷம் ஒருமாதிரி ஓடியது. "இவரைப் பாடகியாக மட்டும் பார்ப்பது தப்பு, ஏனென்றால் இவருடைய" என்று தொடங்கியவன் அடுத்த சொல்லில் நின்றுவிட்டேன். சொல்ல வந்தது 'பியானோ'. உதடு ஒட்டிக்கொண்டது. என் திக்குவாய் நண்பர்களுக்குப் புதிதல்ல. முன்வரிசையில் (வரிசை என்று இருந்தது இரண்டுதான்) உட்கார்ந்திருந்த நண்பர், என்மேல் உள்ள பிரியத்தால், "பின்னணியா?" என்று எடுத்துக்கொடுத்தார். தலையாட்டிவிட்டேன். பிறர் சொன்ன சொல்லைத் திரும்பச் சொல்வது எனக்கு எளிது. ஆகவே அந்தச் சொல்லை வைத்துக்கொண்டே மேலும் ஐந்து நிமிஷம், பின்னணி இசையின் முக்கியத்துவம் என்று ஏதோ பேசி முடித்தேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை. பஸ்ஸில் வீடு திரும்பும்போதுதான் உறைத்தது: ஷிர்லி ஹார்ன் பற்றிச் சொல்லக்கூடிய சொற்களில் ஆகத் தவறான சொல் அதுதான். அதைத் திருத்தவே இதை எழுதுகிறேன்.

நான் ஷிர்லி ஹார்னிடம் வந்தது மைல்ஸ் டேவிஸ் வழியாக. 1991இல் வெளிவந்த 'யூ வோண்ட் ஃபர்கெட் மி' ஆல்பத்தின் தலைப்புப் பாட்டில் மைல்ஸ் வாசித்திருக்கிறார். அவருடைய கடைசிக் காலப் பதிவுகளில் ஒன்று. அந்த ஆண்டு செப்டம்பரில் இறந்துபோனார். பாடகர்களுக்கு அரிதாகவே வாசித்த மனுஷர் இவருக்கு ஏன் வாசித்தார் என்ற குறுகுறுப்பில்தான் கேட்கப் போனேன். அதாவது, ட்ரம்பெட் எப்போது வரும் என்று காத்திருந்தேன். பாடகி இடைஞ்சலாக இருந்தார். ஒரு சொல் பாடினார், பிறகு ஒன்றுமில்லை. ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்ததால் நெட்வொர்க் போய்விட்டது என்று நினைத்துத் திரையைத் தட்டிப் பார்த்தேன். பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அடுத்த சொல் வந்தது, நான் எதிர்பார்த்த இடத்துக்கு வெகுவாகப் பிந்தி.

எனக்கு வந்தது எரிச்சல். பாவனை என்று முடிவுகட்டி அணைத்தேன். அதற்குக் காரணம் இசை சம்பந்தமானதல்ல என்பது பின்னால்தான் விளங்கியது. சொல்லுக்குக் காத்திருக்கும் முகங்களை நான் அறிவேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவரின் பெயர் 'ப'வில் தொடங்கினால் அன்றைய பொழுது கெட்டது. வங்கியில் வேலை பார்த்துக்கொண்டு 'பணம்' என்று சொல்ல முடியாமல் 'தொகை' என்று சொல்லிச் சமாளிக்கிறவன் நான். எழுத்திலும் இந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. என் உரைநடையின் விநோதமான சொற்தேர்வுகளை ஒரு நண்பர் மௌனியின் பாதிப்பு என்று எழுதினார். அது 'ப'வின் பாதிப்பு. இப்படிப்பட்டவனுக்கு, ஒரு பெண் மேடையில் உட்கார்ந்து இரண்டு சொற்களுக்கு நடுவே அவ்வளவு நேரம் விட்டுவைக்கிறாள் என்றால், முதலில் தோன்றுவது ரசனை அல்ல, பதற்றம். யாராவது எடுத்துக்கொடுங்களேன் என்ற பதற்றம்.

இரண்டு வருஷம் கழித்து மறுபடி அதே ஆல்பம். இம்முறை ட்ரம்பெட்டுக்காகக் காத்திருக்கவில்லை. அந்த இடைவெளியில் என்னதான் நடக்கிறது என்று கேட்டேன். நடப்பது இதுதான். ஷிர்லி ஹார்ன் தனக்குத் தானே பியானோ வாசித்துக்கொண்டு பாடுகிறவர். சொல்லைப் பாடி முடிக்கிறார். குரல் ஓய்கிறது. அதன்பின் கை ஒரு ஸ்வரக்கொத்தை வைக்கிறது. அது சொல்லோடு சேர்ந்து வருவதில்லை, சொல்லுக்குப் பிறகு வருகிறது. நாம் ஏற்கெனவே கேட்டுவிட்ட சொல்லின் அர்த்தத்தை அது மாற்றுகிறது. சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன ஒரு வாக்கியம், அதன் கீழே ஒரு ஸ்வரம் அரைப்படி இறங்கியதும், அவ்வளவு சாதாரணமாகச் சொல்லப்படவில்லை என்று தெரிகிறது. அதன்பின் அடுத்த சொல், அந்தச் சந்தேகத்தின் மேல் கால் வைத்து வருகிறது. குரல் சொல்கிறது, கை அதை வாசித்துப் பார்க்கிறது, குரல் அந்த வாசிப்பைக் கேட்டுவிட்டு மேலே போகிறது. இதைப் பின்னணி என்று எப்படிச் சொல்வது? குரலுக்கு முன்னாலும் பின்னாலும் மேலும் கீழும் இருக்கிறது அது. விமர்சனம் என்று வேண்டுமானால் சொல்லலாம். நம் தொழில் பற்றிய மிகையான மதிப்பீடு என்று யாரும் கோபிக்காவிட்டால்.

இதற்கு இன்னும் இரண்டு பேர் வேண்டும். பேஸ் வாசித்த சார்ல்ஸ் ஏபில்ஸ், டிரம்ஸ் வாசித்த ஸ்டீவ் வில்லியம்ஸ். சுமார் 25 ஆண்டுகள் இவரோடு இருந்தவர்கள். வேகமாக வாசிப்பதைவிட இந்தக் காலப்பிரமாணத்தில் வாசிப்பதே டிரம்ஸ்காரர்களுக்குச் சோதனை. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே சந்து பெரிதாகப் பெரிதாக, எதையாவது போட்டு நிரப்பத் தோன்றும். வில்லியம்ஸின் பிரஷ் தோலின் மேல் உராய்வதை மட்டும் கேளுங்கள். நிரப்பாமல் இருப்பதற்கு எவ்வளவு பயிற்சி வேண்டும் என்று தெரியும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. நம் விமர்சனத்தில் 'மௌனம்' என்ற சொல் மலிந்துவிட்டது. இரண்டு வரிக்கு நடுவே இடம் விட்டவனெல்லாம் மௌனத்தை எழுதியவன். ஷிர்லி ஹார்னின் இடைவெளியில் அந்த மௌனம் கிடையாது. அங்கே வேலை நடந்துகொண்டிருக்கிறது. கணக்கு நடக்கிறது. பிந்தி வரும் சொல் லயத்தைத் தவறவிடவில்லை, லயம் அங்கேதான் இருக்கிறது. நாம்தான் முன்னால் ஓடிவிட்டோம்.

வாழ்க்கைக் குறிப்பு இங்கே வெறும் தகவல் அல்ல, வாதத்தின் பகுதி. 1934இல் வாஷிங்டனில் பிறந்தவர். நாலு வயதில் பியானோ. முதல் ஆல்பம் 'எம்பர்ஸ் அண்ட் ஆஷஸ்', 1960இல் பதிவானது. அதைக் கேட்ட மைல்ஸ், நியூயார்க்குக்கு வரவழைத்து வில்லேஜ் வான்கார்டில் தன் கச்சேரிக்கு முன் பாடவைத்தார். அப்புறம் பெரிய கம்பெனி. 1963இல் மெர்க்குரிக்காக இரண்டு ஆல்பங்கள். அவற்றில் செய்த காரியம் இது: ஷிர்லி ஹார்னைப் பியானோவிலிருந்து எழுப்பி மைக் முன்னால் நிறுத்தினார்கள். வாசித்தவர்கள் தேர்ந்த கலைஞர்கள்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கேட்டுப் பாருங்கள். சுத்தமான, இனிமையான, யாருடையதாகவும் இருக்கக்கூடிய ஒரு குரல். கை போனதும் இடைவெளியும் போய்விட்டது. சொற்கள் உரிய நேரத்துக்கு வந்து வரிசையில் நிற்கின்றன. 'பின்னணி' என்ற என் நண்பரின் சொல் பொருந்தும் ஆல்பங்கள் இவைதான்.

அதன்பின் வாஷிங்டனிலேயே தங்கிவிட்டார். மகளை வளர்க்க வேண்டியிருந்தது. உள்ளூர் கிளப்புகளில் வாசித்தார். ஆல்பங்கள் எப்போதாவது வந்தன. 1978இல் ஒரு டேனிஷ் கம்பெனிக்காகப் பதிவு செய்த 'எ லேஸி ஆஃப்டர்நூன்' அந்தக் காலத்தின் ஆகச் சிறந்த சான்று. வெர்வ் கம்பெனி ஒப்பந்தம் செய்தபோது ஐம்பது வயதைக் கடந்துவிட்டார். இதைத் தியாகம் என்றோ அநீதி என்றோ எழுதுவது வழக்கம். எனக்கு அப்படி எழுத வரவில்லை. பெரிய ஊரில் இருந்திருந்தால் யாராவது மறுபடி பியானோவிலிருந்து எழுப்பியிருப்பார்கள் என்றே தோன்றுகிறது. சொந்த ஊரை விட்டுப் போகாத குமாஸ்தாவின் சமாதானம் இது என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

1992இல் வந்த 'ஹியர்ஸ் டு லைஃப்' அவருடைய சிகரம் என்பது பொது அபிப்பிராயம். ஜானி மாண்டெல் வயலின் கூட்டத்தை வைத்து இசையமைத்தது. மாண்டெல் நுட்பமானவர், எங்கே விலக வேண்டும் என்று தெரிந்தவர். இருந்தும் எனக்கு அந்த ஆல்பத்தில் ஒரு மனக்குறை உண்டு. கைக்கு ஒரு ஸ்வரக்கொத்து வைக்க இருந்த இடத்தில் இப்போது பல வில்கள் தயாராக நிற்கின்றன. நாம் அழுவதற்கு வசதி செய்து தரப்படுகிறது. நான் அழுதும் இருக்கிறேன். மறுநாள் 'யூ வோண்ட் ஃபர்கெட் மி'க்குத்தான் திரும்பினேன்.

இப்போது பாடுகிறவர்களில் செசில் மெக்லோரின் சால்வண்டை விடாமல் கேட்கிறேன். 2018இல் வந்த 'த விண்டோ' பெரும்பாலும் இருவர் மட்டும்: அவருடைய குரல், சல்லிவன் ஃபோர்ட்னரின் பியானோ. ஒருவருக்கொருவர் குழி தோண்டி, விழாமல் தாண்டும் விளையாட்டு. அபார புத்திசாலித்தனம். ஆனால் அது சம்பாஷணை. ஷிர்லி ஹார்னிடம் நடப்பது ஒருவர் தனக்குள் பேசிக்கொள்வது. அதன் சங்கடங்களே வேறு.

என் சொந்தக் கதைக்கு வருகிறேன். அந்த இரண்டாம் முறைக்குப் பிறகு சில காலம், ஷிர்லி ஹார்ன் என் ஆள் என்ற ஒரு மிதப்பில் இருந்தேன். சொல்லுக்கு முன்னால் நிற்பதற்கு ஒரு கௌரவம் கிடைத்துவிட்டதாக எண்ணம். கவுண்டரில் சொல் நின்றால், தப்பித்து ஓடாமல், 'தொகை' என்று மாற்றாமல், அப்படியே நின்று பார்த்தேன். ஒரு பெரியவர் பாஸ்புக்கை வாங்கிக்கொண்டு, "தம்பி, உடம்பு சரியில்லையா?" என்றார். அன்றோடு அந்த வேஷம் கலைந்தது. ஷிர்லி ஹார்னின் இடைவெளி அடுத்த சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பது. என்னுடையது சொல் கையில் இருந்தும் வராதது. பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கலாம். உள்ளே இருப்பவனுக்கு இதைவிட எதிரெதிரான இரண்டு விஷயங்கள் கிடையாது. கலையில் நம் குறையின் சாயலைக் கண்டதும் அதை நம் கட்சி என்று சேர்த்துக்கொள்வது வாசகனுக்கும் விமர்சகனுக்கும் உள்ள பழைய வியாதி. கவிதை வாசிப்பிலும் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோமோ என்று அதன்பின் சந்தேகம் வந்துவிட்டது. அது தனியாக எழுத வேண்டியது.

ஆனால் இந்தக் கணக்கு முழுக்கத் தீரவில்லை, 2003இல் வந்த 'மே த மியூசிக் நெவர் எண்ட்' இருப்பதால். அதற்குள் நீரிழிவால் ஷிர்லி ஹார்னின் ஒரு பாதத்தை எடுத்துவிட்டார்கள். கை எடுத்த பிறகும் பியானோவின் ஸ்வரத்தை நீட்டி நிறுத்துவது பெடலை மிதிக்கும் கால். இடைவெளிகளைத் தாங்கிக்கொண்டிருந்தது அந்தக் கால்தான். இந்த ஆல்பத்தில் அவர் வாசிக்கவில்லை. ஜார்ஜ் மெஸ்டர்ஹேஸி வாசிக்கிறார். இரண்டு பாட்டுகளுக்கு அஹ்மத் ஜமால்.

1963இல் நடந்ததுதான் மறுபடியும் நடந்திருக்கிறது, இம்முறை உடம்பே எழுப்பிவிட்டது. என் வாதப்படி இந்த ஆல்பம் தோற்றிருக்க வேண்டும். அப்படித்தான் எதிர்பார்த்துக் கேட்டேன். குரல் தேய்ந்திருக்கிறது, மூச்சு குட்டையாகிவிட்டது. ஆனால் இடைவெளி அப்படியே இருக்கிறது. சொல் முடிகிறது, குரல் நிற்கிறது, இப்போது ஸ்வரக்கொத்து எப்போது வரும், எது வரும் என்பது அவர் கையில் இல்லை. எடுத்துக்கொடுக்க வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். மெஸ்டர்ஹேஸி அவர் வாசிப்பதை நன்றாகக் கேட்டுப் பழகியவர்போல, அவர் வைத்திருக்கக்கூடிய இடத்தில்தான் வைக்கிறார். ஜமால் அப்படியில்லை. தன் வழியில் வைக்கிறார், சில சமயம் சற்று அதிகமாகவே. ஷிர்லி ஹார்ன் அதைக் கேட்கிறார். தான் வைத்திருக்க மாட்டாத ஒரு ஸ்வரத்தைக் கேட்டு, அதை ஏற்பதா வேண்டாமா என்று பார்த்து, அடுத்த சொல்லை இன்னும் கொஞ்சம் பிந்திக் கொண்டுவருகிறார். தலையாட்டவில்லை.

2005 அக்டோபரில், 71 வயதில் இறந்துபோனார்.

ஜமால் வாசித்த அந்த இரண்டு பாட்டுகளையும் கூட்டத்தில் போட்டுக் காட்டத்தான் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். பேச்சு 'பின்னணி'யில் போய் முடிந்ததால் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அடுத்த கூட்டத்துக்கு அதைக் கொண்டுவருகிறேன். பேச்சு வேண்டாம்.