கெண்டைக்கால்

பொழுது புலரும் முன்பே பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் காலடியோசை எழுந்துவிடுகிறது. நடைப்பயிற்சிக்கு வரும் முதியவர்களுக்கிடையே, காவலர் தேர்வுக்கு ஆயத்தமாகும் இளைஞர்களும் ஓடுகின்றனர். எழுத்துத் தேர்வில் தேறிய ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்திற்குள் ஓடி முடிக்க வேண்டும்; பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்திற்குள் கடக்க வேண்டும். நெல்வயலை நம்பிய வீட்டிலிருந்து வரும் ஒருவனுக்கு, அந்த 7 நிமிடமே குடும்பத்தின் முதல் அரசுச் சம்பளத்திற்கான வாயிற்படி. நொடிகள் சில கூடினால் ஓராண்டு உழைப்பு வீணாகும்.

அதனாலேயே அவர்கள் கேள்விப்பட்ட பயிற்சிகளையெல்லாம் செய்கிறார்கள். வந்து நின்றவுடன் ஒரு காலைச் சுவரின்மேல் தூக்கி வைத்துப் பின்தொடைத் தசையை வலிக்க வலிக்க இழுத்துப் பிடிப்பவர் பலர். வலித்தால்தான் பலன் என்னும் எண்ணம் எப்படியோ வேரூன்றிவிட்டது. உண்மையோ வேறு. உறக்கத்திலிருந்து எழுந்து வந்த உடலின் தசை எளிதில் இசைந்து கொடுப்பதில்லை. மேலும், ஒரே தசையை ஒரு நிமிடத்திற்கு மேல் அசையாது இழுத்துப் பிடித்தால், அதன் விசை சிறிது நேரத்திற்குச் சற்றே குறைகிறது. ஓடப்போகும் வேளையில் அந்தக் குறை எதற்கு?

முதலில் 5 நிமிடம் மெல்லோட்டம். குருதியோட்டம் மிகுந்து தசை வெம்மையுற்ற பின், சுவரைப் பற்றிக்கொண்டு காலை முன்னும் பின்னும் ஊஞ்சல்போல் வீசுதல், முழங்காலை மார்பளவு உயர்த்தி நடத்தல், கணுக்காலைச் சுழற்றுதல் ஆகியவை போதும். இறுதியாக இரண்டு மூன்று முறை சிறு தொலைவு விரைந்தோடலாம். அசையாமல் பிடித்து நிற்கும் நீட்சிக்கு உரிய இடம் ஓட்டத்திற்குப் பின்பு; அரை நிமிடம் மென்மையாகப் பிடித்தால் மூட்டுகளின் இயக்க எல்லை நாளடைவில் விரியும். ஆனால், மறுநாள் வரும் தசைவலியை அது பெரிதாகத் தடுப்பதில்லை. தேர்வு நெருங்கியதும் ஓடும் தொலைவைத் திடீரென இரட்டிப்பாக்குவோரின் முன்னங்கால் எலும்பு வலியையும் எந்த நீட்சியும் தடுக்காது.

கணுக்காலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். முழங்காலுக்குக் கீழே பின்புறம் திரண்ட தசையை, கெண்டை மீனின் வடிவு கண்டு கெண்டைக்கால் என்றனர் நம் முன்னோர். தாமிரபரணிக் கரையில் வாழ்வோர்க்கு அவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை. இத்தசை இறுகினால் கணுக்கால் முன்னோக்கி மடங்காது. ஓடும்போது அதன் சுமை குதிகால் நாணுக்கும் பாதத்திற்கும் ஏறும். ஆற்றங்கரையில் குந்தியமர்ந்து பாத்திரம் துலக்கும் மூதாட்டியின் குதிகால் தரையை விட்டு எழுவதில்லை. நாற்காலியில் அமர்ந்தே வளர்ந்த அவர் பேரன் குந்தினால், பின்னே சாய்ந்து விழப் பார்க்கிறான். நாள்தோறும் சிறிது நேரம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேனும் குந்திப் பழகினால் இழந்ததில் ஒரு பகுதி மீளும்.

தேர்வு நாளில் இன்னுமொரு சிக்கல் உண்டு. உயரமும் மார்பளவும் அளந்த பின்னரே ஓட்டம் தொடங்கும். வரிசையில் காத்திருக்கும் நேரம் நீளக்கூடும். வீட்டிலிருந்து புறப்படும்போது செய்த பயிற்சியின் வெம்மை அதற்குள் ஆறிவிடும். விவரம் அறிந்தவர்கள், தங்கள் அணியை அழைக்கும் நேரம் நெருங்கியதும் மைதானத்து ஓரத்தில் நின்ற இடத்திலேயே மெல்ல ஓடத் தொடங்கிவிடுகிறார்கள்.