ஒன்றும் செய்யாது!

நாய் வளர்ப்பவர்களுக்கென்று ஒரு மந்திரம் உண்டு. "பயப்படாதீங்க, ஒண்ணும் செய்யாது!" என்பதே அது. தபால்காரர் மதிற்சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும்போதும் அதைத்தான் சொல்லுவோம். மாடிப்படியில் பள்ளிக்கூடப் பிள்ளை வீல் என்று அலறும்போதும் அதைத்தான் சொல்லுவோம். இந்த மந்திரத்தின் விசேஷம் என்னவென்றால், சொல்லுகிறவருக்கு மட்டுமே அதனால் தைரியம் வரும். கேட்கிறவருக்கு லவலேசமும் வராது.

மூன்று வருஷ காலம் நானும் இதை உருப்போட்டு வந்தவள்தான்.

எங்கள் மணி உயர்ந்த ஜாதி நாய் ஒன்றும் அல்ல. 2022-ஆம் ஆண்டு ஐப்பசி மழையில், மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருமுனையில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியை என் கணவர் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். "நாய் உள்ளே வந்தா நான் ஊருக்குப் போறேன்" என்று அத்தை, அதாவது என் மாமியார், பெட்டியை எடுத்துக் கூடத்தில் வைத்தார். பெட்டி ஒரு வாரம் அங்கேயே இருந்தது. அத்தை ஊருக்குப் போகவில்லை. போனால் மணிக்கு யார் தயிர் சாதம் பிசைந்து போடுவது?

2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கம் பகுதியில், மாநகராட்சிப் பூங்கா ஒன்றில், ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறிய செய்தியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஊரே கொதித்தது. அந்தச் சமயத்தில் பத்திரிகைக்காரி என்ற ஹோதாவில் நானும் ஒரு பக்கம் உபதேசம் எழுதினேன். சென்னையில் நாய் வளர்க்க மாநகராட்சியின் உரிமம் வேண்டும்; கட்டணம் ஆண்டுக்கு 50 ரூபாய்தான்; வெறிநோய்த் தடுப்பூசி போட்ட சான்றிதழைக் காட்டினால்தான் அது கிடைக்கும்; வெளியே அழைத்துப் போகும்போது கழுத்தில் கயிறும் வாய்க்கு மூடியும் வேண்டும்; நாய் தெருவை அசுத்தம் செய்தால் வளர்க்கிறவரே எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்றெல்லாம் வெளுத்து வாங்கினேன். பாராட்டிக் கடிதங்கள்கூட வந்தன.

கட்டுரை அச்சேறிய வாரத்திலேயே மணிக்கு ஊசி போட்டு உரிமமும் வாங்கிவிட்டேன். இரண்டுக்கும் ஆயுள் ஒரு வருஷந்தான் என்பது எனக்குத் தெரியாதா? நானே எழுதியிருந்தேனே! ஆனால் 2025 மே வந்தது, ஜூன் வந்தது. 'இந்த ஞாயிற்றுக்கிழமை', 'அடுத்த ஞாயிற்றுக்கிழமை' என்று தள்ளிக்கொண்டே போனேன். கயிறு கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. மாடிப்படிதானே, தெரு இல்லையே, கயிறு எதற்கு என்று எனக்கு நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

ஜூலை 18-ஆம் தேதி, முதல் ஆடி வெள்ளிக்கிழமை. மாலை நாலு மணிக்கே பூக்காரம்மா கூடை நிறையப் பூவோடு இரண்டு மாடி ஏறி வந்துவிட்டாள். மணி அடித்ததும் நான் கதவைத் திறந்தேன். எனக்கு முன்னால் மணி வெளியே பாய்ந்தது. மற்ற நாட்களில் வாலை ஆட்டிக்கொண்டு அவளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே வந்துவிடும். அன்று அவள் இடுப்பில் பெரிய கூடை. நாய் மேலே மோதியதில் கூடை சரிந்தது. அவள் கத்தினாள். "ஒண்ணும் செய்யாது" என்று நான் வாயைத் திறந்தேன். அந்த வார்த்தை முடிவதற்குள் அவள் ஆடுசதையில் ரத்தம் வழிந்தது.

மணியைக் குற்றம் சொல்லிப் பிரயோசனம் இல்லை. கூடை விழுந்தது, ஆள் கத்தினாள், அது மிரண்டு கடித்தது. கதவைத் திறந்தவள் நான்.

நான் மரம் மாதிரி நின்றேன். அத்தைதான் பூக்காரம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய்க் குளியலறைக் குழாய்க்கு அடியில் காலை நீட்டச் சொல்லி, சோப்புப் போட்டுக் கழுவினார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் அல்ல; கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிஷம். கடிபட்டவுடன் செய்ய வேண்டிய முதல் வைத்தியம் இதுதான். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பிப் பொடி எதையும் காயத்தில் வைக்கக் கூடாது.

"ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்றதும் பூக்காரம்மா பயந்துபோனாள். "தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி போடுவாங்களேம்மா! நான் மாட்டேன். மஞ்சளை அரைச்சுப் போட்டுக்கறேன், விடுங்க" என்றாள்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்தை வயிற்றில் நாள்தோறும் குத்துவார்கள். 2004-ஆம் ஆண்டோடு இந்தியாவில் அந்தப் பழைய மருந்து நின்றே போய்விட்டது. இப்போது கையில் போடும் ஊசிதான். ஆனாலும் அந்தப் பதினாலு ஊசியின் பயம் ஜனங்களை விட்டுப் போகவில்லை. அந்தப் பயத்தாலேயே ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு.

அத்தை அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "இந்தா, கேளு. எனக்கு எட்டு வயசு இருக்கும்போது எங்க ஊர்ல ஒரு பையனை நாய் கடிச்சுது. மந்திரிச்சுக் கயிறு கட்டினாங்க. ரெண்டு மாசம் நல்லாத்தான் இருந்தான். அப்புறம் தாகம்னு சொல்லித் தண்ணி கேட்டான். செம்பைக் கிட்டே கொண்டு போனா, தொண்டை இழுத்துக்கிட்டு அலறினான். மூணு நாள்ல போயிட்டான். நீ கிளம்பு" என்றார்.

பூக்காரம்மா கிளம்பினாள்.

அரசு மருத்துவமனையில் டாக்டர் காயத்தைப் பார்த்தார். ரத்தம் வந்திருந்ததால் ஊசி மட்டும் போதாது என்று காயத்தைச் சுற்றிலும் சீரமும் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கா?" என்று கேட்டார்.

"போட்டிருக்கு... போன வருஷம்" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சீட்டில் எழுதிக்கொண்டார். ஒரு பக்கம் உபதேசம் எழுதியவளுக்கு அந்த ஒரு வரி போதும்.

கடித்த அன்று ஓர் ஊசி. பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். பஞ்சாங்கத்தைப் பிரட்டிப் பார்த்தேன். வெள்ளி, திங்கள், வெள்ளி, வெள்ளி. பூ விற்கிறவளுக்கு ஆடி வெள்ளி என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வருஷத்தில் நாலு காசு கையில் நிற்கிற நாட்களே அவைதாம். அவற்றில் மூன்றை எங்கள் மணி கடித்துக்கொண்டு போய்விட்டது.

டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். "நாயைக் கட்டிப் போட்டுப் பத்து நாள் பாருங்க. சாப்பிடுதா, தண்ணி குடிக்குதா, சுபாவம் மாறுதான்னு கவனிங்க." கடித்த நாய் பத்து நாள் கழித்தும் ஆரோக்கியமாக இருந்தால், கடித்த சமயத்தில் அதன் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இல்லை என்று அர்த்தம். அதுவரைக்கும் ஒன்றும் நிச்சயம் இல்லை. இந்த நோய்க்கு ஊசியெல்லாம் வருமுன் காப்பதற்குத்தான். குறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லவே இல்லை.

இரவு தூக்கம் பிடிக்காமல் படித்துக்கொண்டிருந்தேன். 1885 ஜூலை மாதம் பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு முதன்முதலில் ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார். நம் பக்கத்துக்கு அந்தப் பாக்கியம் வரப் பல வருஷங்கள் ஆயின. 1902-இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற பெண்மணி வெறிநாய்க் கடியால் இறந்தபோது, இந்த வைத்தியத்துக்கு இந்தியாவில் இருந்த ஒரே இடம் வடக்கே இமயமலைச் சாரலிலுள்ள கசௌலிதான். தெற்கிலும் ஒன்று வேண்டும் என்ற முயற்சி பிறந்து, 1907-இல் நமது குன்னூரில் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டது. அத்தனை பேர் பாடுபட்டுக் கொண்டுவந்த ஊசியைப் பக்கத்துத் தெருவில் போட்டுக்கொள்ள எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கவில்லை!

மறுநாளிலிருந்து தினமும் மாலையில் பூக்காரம்மா தெருவில் நின்று கூப்பிடுவாள். மாடி ஏற மாட்டாள். நான் பால்கனியில் எட்டிப் பார்ப்பேன்.

"மணி சாப்பிட்டுச்சாம்மா?"

"சாப்பிட்டுது."

"தண்ணி குடிச்சுதா?"

"குடிச்சுது."

முதல் நாள், என்ன நல்ல மனசு, கடித்த நாயைக்கூட விசாரிக்கிறாளே என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. அவள் விசாரித்தது நாயை அல்ல. ஊசி போட்டிருந்தாலும், தன் உயிர் எங்கள் வீட்டு நாயின் கிண்ணத்தில் இருப்பதாகவே அவள் எண்ணியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, வைத்த சோறு வைத்தபடியே இருந்தது. மணி மோந்து பார்த்துவிட்டு மூலையில் போய்ச் சுருண்டுகொண்டது. எனக்குக் கை கால் வெலவெலத்துப் போயிற்று. சரியாக அந்த வேளையில் கீழேயிருந்து குரல்: "மணி சாப்பிட்டுச்சாம்மா?"

"சாப்பிட்டுது" என்று சொல்லிவிட்டேன்.

உள்ளே வந்து தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அத்தை சமையலறையிலிருந்து வந்தார். "என்னடி ஆச்சு?" என்றார். சொன்னேன். "அட, அதுவா? மத்தியானம் கோயில்லேர்ந்து ஆடிக் கூழ் வந்துதே, ஒரு சட்டி நிறைய ஊத்தினேன். வயித்துல இடம் ஏது?" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கூழ் குடித்த விஷயம் எனக்குத் தெரியாதபோதே நான் பொய் சொன்னேன் அல்லவா? 'ஒண்ணும் செய்யாது' என்ற அதே மந்திரம், வேறு வார்த்தையில். உடனே கீழே இறங்கிப்போய்த் தெருமுனையில் அவளைப் பிடித்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவள் என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். "இனிமே தெரியலைன்னா தெரியலைன்னே சொல்லுங்கம்மா" என்றாள்.

பத்தாம் நாள் மணி கொழுகொழுவென்று இருந்தது. கால்நடை டாக்டர் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்றார். பூக்காரம்மா அதற்குப் பிறகும் விடாமல் நாலு ஊசியையும் போட்டு முடித்தாள். கடைசி ஊசி கடைசி ஆடி வெள்ளி, ஆகஸ்டு 15. அன்றைய வியாபாரத்துக்கும் சேர்த்து நஷ்டத்தைக் கணக்குப் போட்டு நான் கொடுத்தேன். அவள் மறுக்கவில்லை; எண்ணி வாங்கி முடிந்துகொண்டாள்.

"யாவாரத்துக்குக் காசு சரியாப் போச்சும்மா. பத்து நாள் ராத்திரி தூங்கலையே, அதுக்கு என்னா கணக்கு?" என்றாள்.

அந்தக் கணக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை. வளர்க்கும் பிராணியை அஜாக்கிரதையாக விட்டுப் பிறருக்கு ஆபத்து உண்டாக்கினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று பாரதிய நியாய சன்ஹிதையின் 291-ஆவது பிரிவு சொல்கிறது. 2025 கடைசியில் சென்னை மாநகராட்சியும் உரிமம் இல்லாத வளர்ப்பு நாய்க்கு 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்து, நாயின் தோலுக்கு அடியில் மைக்ரோசிப் பொருத்துவதையும் கட்டாயமாக்கியது. அரிசி மணி அளவுதான் இருக்கும். கருவியைக் காட்டினால் நாயின் எண் தெரியும். எண்ணைக் கொண்டு, வளர்க்கிறவர் யார் என்று தெரியும். "இது என் நாய் இல்லை" என்று இனி யாரும் கையை விரிக்க முடியாது.

அந்த வரிசையில் மணியை அழைத்துக்கொண்டு நானும் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர், "நம்ம நாயை வளர்க்க இத்தனை சட்டமா?" என்று அலுத்துக்கொண்டார். ஆறு மாதத்துக்கு முன்னால் நானும் தலையை ஆட்டியிருப்பேன். சட்டம் நம் நாய்க்காக அல்ல. நம் நாயை நம்மைப் போல் தெரிந்திராத மற்ற எல்லோருக்காகவும். மணி கடிக்காது என்று எனக்குத் தெரியலாம். பூக்கூடையோடு படி ஏறுகிறவளுக்கு எப்படித் தெரியும்? அவளுக்குத் தெரிவதெல்லாம், கயிற்றின் ஒரு முனை என் கையில் இருக்கிறதா இல்லையா என்பதுதான்.

மணிக்கு ஊசி போட வேண்டிய தேதி இப்போது பால் கணக்குக் காலண்டரில் சிவப்பு மையில் இருக்கிறது. கயிறு ஆணியிலிருந்து இறங்கி, மணியின் கழுத்துக்கு வந்துவிட்டது. பூக்காரம்மா இன்னமும் மாடி ஏறுவதில்லை. நானும் வற்புறுத்துவதில்லை. பால்கனியிலிருந்து சின்னக் கூடையைக் கயிற்றில் கட்டி இறக்குகிறேன். ஒரு முழம் மல்லிகையை வைத்து அனுப்புகிறாள்.

அத்தை மட்டும் ஒரு படி மேலே போய்விட்டார். யார் மணி அடித்தாலும் உள்ளேயிருந்தே குரல் கொடுக்கிறார்: "கொஞ்சம் அங்கேயே நில்லுங்க. எங்க நாய் கடிக்கும். கட்டிட்டு வந்து கதவைத் திறக்கறேன்!"

மணி இதைக் கேட்டு வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. அவமானப்பட்டதாகத் தெரியவில்லை.