கருவேப்பிலங்குறிச்சியில் குடும்பம் நடத்த என்ன ஆகும்?

விருத்தாசலத்திலிருந்து ஜெயங்கொண்டம் போகும் சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தெற்கே, வெள்ளாற்றை ஒட்டி இருக்கிறது கருவேப்பிலங்குறிச்சி. கடலூர் மாவட்டத்து ஊர். சுற்றியிருக்கும் கிராமங்களுக்கு இதுதான் கடைத்தெரு, பஸ் பிடிக்கும் இடம், காவல் நிலையம் எல்லாம். வெளியூரில் சம்பாதிப்பவர்கள் பொங்கலுக்கு வந்து போகும்போது, “இங்கே என்ன பெரிய செலவு?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அந்தக் கேள்விக்கு நியாயமான பதில் சொல்ல வேண்டும்.

செலவை எதை வைத்து அளப்பது என்பதிலிருந்து தொடங்கலாம். அமெரிக்காவின் நடுத்தர நகரங்களில் ஒருவர் குடியேற நினைத்தால் முதலில் வாடகையைத்தான் விசாரிப்பார். வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வீட்டுக்கே போய்விட்டால் அந்தக் குடும்பம் திணறுகிறது என்பது அங்குள்ள கணக்கு. அதே கணக்கைப் போட்டால் நம் ஊரில் யாருமே திணறவில்லை என்று வந்துவிடும். ஓட்டு வீடோ, தள வீடோ, பெரும்பாலோர் இருப்பது சொந்த வீட்டில். 2012-ஐ அடிப்படை ஆண்டாக வைத்து இந்திய அரசு வெளியிட்டுவந்த நுகர்வோர் விலைக் குறியீட்டில், கிராமப்புறத்துக்கு வீட்டு வாடகை என்ற இனமே கிடையாது. நகரத்தில் அதற்கு 21 சதவீதத்துக்கு மேல் எடை கொடுத்திருந்தார்கள். கிராமத்துக் கணக்கில் பாதிக்கு மேல் சாப்பாடுதான்.

அந்தச் சாப்பாட்டுச் செலவைத் தாங்கிப் பிடிப்பது ரேஷன் கடை. 2011 ஜூனிலிருந்து அரிசிக்குக் காசில்லை. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். 2021 மே மாதத்திலிருந்து அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 2023 செப்டம்பரிலிருந்து தகுதியுள்ள குடும்பத் தலைவிக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்கில் விழுகிறது. இதையெல்லாம் ‘ஓசி’ என்று ஏளனம் செய்பவர்கள் இந்தப் பக்கம் ஒரு மாதம் குடியிருந்து பார்க்கட்டும். பூ கட்டி விற்கும் பெண் விருத்தாசலம் மார்க்கெட்டுக்குப் போய்வர முடிகிறதா என்பதையே அந்த இலவச டிக்கெட்தான் முடிவு செய்கிறது.

2022-23இல் எடுத்த மத்திய அரசின் நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, தமிழகக் கிராமங்களில் ஓர் ஆள் மாதம் சராசரியாக 5,310 ரூபாய் செலவழித்தார். இந்தியக் கிராமங்களின் சராசரி 3,773தான். நம் கிராமங்கள் நாட்டின் மலிவான கிராமங்கள் அல்ல. கூடுதலாகப் போகும் காசு எங்கே போகிறது என்று பார்த்தால், ஒரு பகுதி ஊருக்கு வெளியே போகிறது. இரவில் நெஞ்சு வலி வந்தால் விருத்தாசலம். அங்கே முடியாதென்றால் சிதம்பரம், கடலூர், இல்லாவிட்டால் புதுச்சேரி ஜிப்மர். ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தான். வாடகைக் காரும், துணைக்குப் போனவரின் சாப்பாடும், இழந்த கூலியும் இலவசமில்லை. பிள்ளையைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிட்டவர்களுக்கு ஜூன் மாதம் வந்தாலே பயம். அப்புறம் மொய். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று பத்திரிகை வந்துகொண்டே இருக்கும். வாங்கியதைத் திருப்பிச் செய்யாமல் இருக்க முடியாது. நோட்டில் பெயர் இருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் கை கொடுப்பது, பெண்கள் குழுவாகச் சேர்ந்து வாங்கும் ‘குழு லோன்’. தவணை நாளன்று காலையில் யாராவது ஒரு வீட்டுத் திண்ணையில் பெண்கள் கூடுவார்கள். அட்டையும் பணமும் கையில் இருக்கும். ஒருத்தி கொண்டுவரவில்லை என்றால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். கட்டிவிட்டுத்தான் களை எடுக்கப் போக முடியும். முதல் குழுவின் தவணைக்கு இரண்டாவது குழுவில் கடன் வாங்கும் நிலை வந்த வீட்டில், அடுத்து அடகுக்குப் போவது தோடு. கடன் தகராறு முற்றினால், மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதிக் கட்டுகிறவர்களும் உண்டு.

செலவைப் பற்றி இவ்வளவு பேசினாலும், குறை வரவில்தான் இருக்கிறது. நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழகத்துக்கு நிர்ணயித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். அளவு குறைந்தால் அதுவும் குறையும். நெல்லுக்கு அதே பருவத்தில் அரசு கொள்முதல் விலை சன்ன ரகத்துக்குக் குவிண்டால் 2,545 ரூபாய். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். களத்தில் கொட்டிவைத்த நெல்லின் மேல் ஒரு மழை விழுந்தால் அந்த விலை கைக்கு வராது.

மீதமிருப்பது விருத்தாசலத்துச் செராமிக் வேலை. நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடைக்கும் வெள்ளைக் களிமண்தான் இந்தத் தொழிலுக்கு வழி திறந்தது. களிமண்ணைக் கூழாகக் கரைத்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச ஓரத்தில் களிமண் தோல்போலப் படியும். போதிய கனம் வந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டு, அச்சைப் பிரித்து, இணைப்புக் கோட்டைக் கத்தியால் சீவி, ஈரத் துணியால் துடைத்துக் காயவைத்துச் சூளைக்கு அனுப்ப வேண்டும். பொம்மைகள் இப்படிப் பல கை மாறி வருபவை. பொம்மைக்குக் கண் எழுதும் பெண்ணின் விரல் நடுங்கக் கூடாது. ஒரு புள்ளி விலகினால் அது விலைபோகாது. இதைச் சொல்லிக்கொடுக்க அரசுப் பயிலகமே விருத்தாசலத்தில் இருக்கிறது. ஆனால் எரிபொருள் விலை ஏறியதும், பீங்கான் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் வந்ததும் இந்தத் தொழிலை இறுக்கிவிட்டன. இத்தனை நுணுக்கமான கைவேலைக்கு, சித்தாள் வேலைக்குக் கிடைக்கும் கூலியாவது நிச்சயமாகக் கிடைக்க வேண்டும் என்பது என் கட்சி.

பென்ஷனோடு ஊர் திரும்புகிறவர்கள் தயங்காமல் வரலாம்; உங்கள் பணம் இங்கே நன்றாகவே நீளும். ஊரிலேயே உழைத்து ஊரிலேயே செலவழிப்பவர்களுக்கு வேண்டியது வேறு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவிலும் டாக்டர், அறுவடைக்கு முன்பே திறக்கும் கொள்முதல் நிலையம், விருத்தாசலத்துச் செராமிக் தொழிற்பேட்டையில் வேலை விடும் நேரத்துக்கு ஒரு டவுன் பஸ். மாவட்ட நிர்வாகம் இந்த மூன்றையும் செய்து கொடுக்க வேண்டும்.